பதில்: ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 1.0 எக்கோபூஸ்ட், எஞ்சின் சூடேறியதும் ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது

ஆயில் அழுத்த சென்சாரை மாற்றினால் சரியாகும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் நம்பி வண்டியை ஓட்டாதீர்கள். உங்களுடையது 2014 மாடல். அதில் டைமிங் பெல்ட்டும் (கிராங்க் சுழற்சிக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பெல்ட்) ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பெல்ட்டும் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே சுழல்கின்றன. வேறு தர ஆயில் ஊற்றினாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ ரப்பர் ஊறி உதிரும். அந்தத் துகள் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். சூட்டில் ஆயில் இளகுவதால் ஐடிலில்தான் (வண்டி நிற்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது) முதலில் அழுத்தம் குறையும்.

முதலில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். குறைவு என்றால் சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி வடிகட்டி வலையைப் பாருங்கள். கறுப்புத் துகள் இருந்தால் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, இரண்டு பெல்ட்டையும் மாற்றியாக வேண்டும். கிராங்க் புல்லியை ஒரே நிலையில் பொருத்தி நிறுத்தும் கீ (சிறு உலோக ஆப்பு) இதில் கிடையாது. அதனால் கிராங்க்கையும் கேம்மையும் அசையாமல் பிடிக்கும் லாக்கிங் டூல் இல்லாத பட்டறையில் கொடுத்தால் டைமிங் தவறி வால்வு வளையும். புல்லி போல்ட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். ஆயில் 5டபிள்யூ-20, ஃபோர்டின் 948-பி தரம். எஞ்சின் உட்புறத்தைக் கழுவும் ஃப்ளஷ் திரவம் வேண்டாம்.

ஃபோர்டு வண்டியே மோசமா என்று கேட்டீர்கள். இதே எஞ்சின் 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று முறை உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. திறமையான வடிவமைப்புதான், ஆனால் ஆயில் விஷயத்தில் அலட்சியத்தைத் தாங்காது.