ஜனாதிபதி டில்லி போய் வந்தார், என் மிளகு எப்போது போகும்?

கேள்வி: மாத்தளைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மிளகுத் தோட்டம் இருக்கிறது. ஜனாதிபதி டில்லிக்குப் போய் வந்த பிறகு, இந்தியாவுக்குத் தீர்வை இல்லாமல் மிளகு அனுப்பலாம் என்று ஊரில் ஒரே பேச்சு. ஒருவர் வீட்டுக்கே வந்து, "எட்கா பெர்மிட் எடுத்துத் தருகிறேன், இரண்டு லட்சம் ரூபாயும் அடையாள அட்டைப் பிரதியும் போதும்" என்கிறார். காசு இந்திய ரூபாயிலேயே வருமாம், டொலர் சிக்கல் இல்லையாம். நம்பலாமா?

பதில்: அந்த இரண்டு லட்சத்தை முதலில் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். எட்கா பெர்மிட் என்று ஒரு சாமானே கிடையாது. எட்கா என்பது இந்தியாவுடன் செய்துகொள்ள நினைக்கும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம். 2016இல் பேசத் தொடங்கினார்கள், 2018இல் நின்றுபோனது, 2023இல் மறுபடி தூசு தட்டினார்கள். 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க டில்லி போனபோது வந்த கூட்டறிக்கையும் அதைப் பற்றிப் பேச்சைத் தொடர்வோம் என்றுதான் சொன்னது. கையெழுத்தாகாத ஒப்பந்தத்துக்கு யார் பெர்மிட் கொடுப்பது?

அந்தப் பயணத்தில் கையெழுத்தான ஆவணங்கள் இரண்டு. ஒன்று, இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைக்கு ஒரு திருத்தம். மற்றது, நம் அரச அதிகாரிகள் 1,500 பேருக்கு இந்தியாவின் பயிற்சி. இரண்டிலும் மிளகு இல்லை. (ஏற்றுமதிப் பத்திரங்களுக்கு முத்திரை குத்துகிறவர்களும் அந்த 1,500 பேரில் இருந்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.)

தீர்வை இல்லாமல் அனுப்பலாம் என்ற பேச்சு பொய்யில்லை. ஆனால் பழைய செய்தி. இலங்கை – இந்திய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு தீர்வையே இல்லாமல் இந்தியாவுக்குள் போகலாம். அந்த அளவு முடிந்துவிட்டால் சாஃப்டா என்ற தெற்காசிய ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீதம். எந்தச் சலுகையும் இல்லாத நாட்டு மிளகுக்கு இந்தியா போடும் தீர்வை 70 சதவீதம். இந்தத் தீர்வை வித்தியாசத்தை மறக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த மனிதரின் முழுக் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

அவர் உங்களிடம் கேட்டதில் இரண்டு லட்சம் சின்ன விஷயம். பெரிய விஷயம் அடையாள அட்டை. வியட்நாம் மிளகு நம் மிளகைவிட மலிவு. அதைக் கொழும்புக்கு இறக்கி, சாக்கை மாற்றி, இலங்கையில் விளைந்தது என்று தோற்றச் சான்றிதழ் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பினால் வியட்நாம் மிளகுக்கு அங்கே போடும் பெரிய தீர்வையிலிருந்து தப்பிவிடலாம். இந்த விளையாட்டுக்கு உண்மையான தோட்டமும் உண்மையான பெயரும் உள்ள ஓர் ஆள் தேவை. அதற்கு மாத்தளையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் உங்களை விடப் பொருத்தமானவர் யார்? பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், இலாபம் அவர் கையில் இருக்கும், விசாரணை வந்தால் ஆள் இருக்க மாட்டார். இந்தியச் சுங்கம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, சலுகை கேட்கும் இறக்குமதியாளர் பொருள் எங்கே, எப்படி விளைந்தது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேள்வி கொழும்புக்குத் திரும்பி வரும், அங்கிருந்து உங்கள் வாசலுக்கு வரும்.

அதே ஆட்கள் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. இந்தியா 2017 டிசம்பரில் மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று வைத்தது. சந்தை விலை அதற்குக் கீழே போகும் காலங்களில், பில்லில் மட்டும் 500க்கு மேல் போட்டு அனுப்புவார்கள். பில்லில் இருக்கும் காசு உங்கள் கணக்குக்கு வந்து சேராது, ஆனால் கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்கள். பில் விலையும் வங்கிக்கு வரும் தொகையும் ஒன்றாக இல்லாத எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, பக்கத்துத் தோட்டத்து மிளகையும் சேர்த்து அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பதுதான், எல்லாரும் குழம்புவதும் இங்கேதான். ஒப்பந்தத்தில் 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது வெளிநாட்டு மூலப்பொருள் கலந்து செய்யும் பண்டங்களுக்கு உரியது. உங்கள் தோட்டத்து மிளகு முழுக்க முழுக்க இந்த மண்ணில் விளைந்தது, அதற்கு அந்தக் கணக்கே வேண்டாம். பக்கத்து வீட்டு மிளகுக்கும் வேண்டாம், கண்டியில் வாங்கியதற்கும் வேண்டாம், எல்லாம் இலங்கை மிளகுதான். வாங்கிய பற்றுச்சீட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள். ஆனால் "நூற்றுக்கு அறுபத்தைந்து வரை வெளிநாட்டு மிளகு கலக்கலாம், சட்டமே இடம் கொடுக்கிறது" என்று ஒருவர் அந்த 35ஐத் திருப்பிப் போட்டுக் காட்டுவார். மயங்காதீர்கள். இரண்டு நாட்டு மிளகை ஒரு சாக்கில் கலப்பது உற்பத்தி இல்லை, வெறும் கலப்பு. ஒரு பிடி கலந்தாலும் உங்கள் சாக்கு இலங்கைச் சாக்கு இல்லை.

ரூபாய் விஷயம் சுருக்கமாக. இந்திய ரூபாயில் வர்த்தகத்தைத் தீர்க்கும் ஏற்பாட்டைக் கூட்டறிக்கை ஊக்குவிக்கிறது. அதுவும் வங்கி வழியாகத்தான் நடக்கும். வங்கியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதன் பெயர் உண்டியல், அதாவது சட்டத்துக்குப் புறம்பான பணமாற்று.

இனி, நீங்களே அனுப்ப முடியுமா? முடியும், ஆனால் கணக்குப் பாருங்கள். 20 அடிக் கொள்கலன் நிறைய ஏறக்குறைய 13 டன் வேண்டும், மூன்று ஏக்கரில் அது வராது. தோற்றச் சான்றிதழைக் கொடுப்பது வர்த்தகத் திணைக்களம். தாவர சுகாதாரச் சான்றிதழுக்கு வேறு வாசல், சுங்கப் பதிவுக்கு வேறு வாசல், வரி இலக்கத்துக்கு இன்னொரு வாசல். ஒரு கையெழுத்துக்காக ஒரு விவசாயியுடன் மூன்று முறை கொழும்புக்கு பஸ் ஏறியிருக்கிறேன். மூன்றாம் நாள்தான் படிவத்தின் பழைய பதிப்பை நிரப்பியிருக்கிறோம் என்று சொன்னார்கள், அதைக் கொடுத்ததும் அவர்களே. தரகன் ஏன் பிழைக்கிறான் என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தப் படிவத்தைத்தான் காட்டுவேன். தலைவர்கள் கைகுலுக்கும் படம் மறுநாளே எல்லாப் பத்திரிகையிலும் வருகிறது. 2,500 டன்னில் இந்த ஆண்டு எவ்வளவு மிச்சம் என்று மாத்தளையில் இருக்கும் ஒருவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஆகவே இந்த முறை பத்துப் பதினைந்து தோட்டக்காரர் சேர்ந்து, ஏற்கனவே பதிவுள்ள ஏற்றுமதியாளரிடம் விற்பதே நல்லது. தீர்வைச் சலுகை நேரே கிடைப்பது அங்கே இறக்குமதி செய்கிறவருக்கு. உங்களுக்கு அது வர வேண்டுமானால் விலை பேசும்போது நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு நன்றாகக் காய்ந்த, ஒரு லீட்டர் அளவில் 550 கிராம் எடை நிற்கும் மிளகு கையில் இருக்க வேண்டும். பிஞ்சு மிளகு இந்தியாவில் எண்ணெய்ச் சாறு எடுக்கும் ஆலைகளுக்குப் போகும் சரக்கு, அதைத் தனியாகவே விற்றுவிடுங்கள்.

அடையாள அட்டைப் பிரதியை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் உங்கள் பெயரில் யாரும் தோற்றச் சான்றிதழ் கேட்டால் அது உங்கள் அனுமதியோடு இல்லை என்று வர்த்தகத் திணைக்களத்துக்கு இன்றைக்கே கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பற்றுச்சீட்டைத் தோட்ட உறுதியோடு சேர்த்து வையுங்கள்.