ஈயக் குழாயைப் பாதி மாற்றினால் போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீடு பழையது. உள்ளே வருவது ஈயக் குழாயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டருக்கு வந்து சேரும் குழாயை ஒரு நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். மங்கலான சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளிபோல் பளிச்சென்று தெரிந்து, காந்தமும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஈயம்தான். அமெரிக்காவில் ஈயக் குழாய்களுக்குத் தடை வந்ததே 1986இல்தான். எந்த முகவரிக்கு எந்த வகைக் குழாய் போகிறது என்ற பட்டியலைக் குடிநீர் நிறுவனங்கள் 2024 அக்டோபருக்குள் தந்திருக்க வேண்டும். அதில் உங்கள் முகவரிக்கு 'தெரியவில்லை' என்று இருந்தால், குழாயைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வீட்டுக்குள் இருக்கும் குழாயை நீங்கள் காட்டினால்தான் அவர்களுக்குத் தெரியும்.

தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயில் தெருப்பக்கத்தை மட்டும் குடிநீர் நிறுவனம் இலவசமாக மாற்றித் தருகிறதாம். இப்போதைக்கு அது போதாதா?

போதாது, தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். குழாயை வெட்டும் அதிர்வில் உள்ளே படிந்திருக்கும் படலம் உதிரும். அதனால் வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில்கூட, முன்பைவிட அதிக ஈயம் தண்ணீரில் கலந்து வரலாம். மாற்றினால் முழுசாக மாற்ற வேண்டும்.

சரி, பணம்? விஸ்கான்சினின் மேடிசன் நகரம் வீட்டுக்காரர் செய்த செலவில் பாதியை, 1,000 டாலர் வரை, திருப்பிக் கொடுத்தது. தண்ணீர்த் தொட்டிகளின் மேல் செல்போன் ஆன்டெனா வைக்க விட்டு வந்த வாடகைதான் அதற்குக் கைகொடுத்தது. நியூஜெர்சியின் நியூவார்க்கில் சிக்கல் வேறு. அங்கே பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வீட்டு உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதனால் 2019இல், உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே குழாயை மாற்றலாம் என்று நகரமே சட்டம் போட்டது. வீட்டுக்காரருக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 23,000 குழாய்கள் மாறின. உங்கள் ஊர்க் கூட்டத்தில் இந்த இரண்டு வழிகளையும் எடுத்துச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஈயம் போய்விடுமா?

போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் அப்படியே தங்கிவிடும். ஈயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற ஃபில்டரை வாங்குங்கள். குழந்தைக்குப் பால்மாவு கலக்க வெந்நீர்க் குழாயைத் திறக்கவே வேண்டாம்.

எங்கள் தெருவில் பலர் குடிநீர் நிறுவன ஆட்களுக்குக் கதவே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் 2014இல் குடிநீரில் ஈயம் கலக்கத் தொடங்கியதற்குப் பிறகு அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. தண்ணீர் நன்றாகவே இருக்கிறது என்று அதிகாரிகள் அங்கே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர், அங்குள்ளவர்கள் பேசும் மொழியிலேயே பேசக்கூடியவர், ஊழியரோடு கூடவே போகட்டும். சம்மதப் படிவம் அங்கேயே கையெழுத்தாகட்டும்.

குழாயை மாற்றியாயிற்று. இனி ஃபில்டர் தேவையில்லையே?

ஆறு மாதத்துக்கு ஃபில்டரை விடாதீர்கள். முதலில் குழாய்களின் முனையிலுள்ள வலைகளைக் கழற்றிவிட்டு, வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் அரை மணி நேரம் திறந்துவிடுங்கள். அப்புறம் வலைகளைக் கழுவி மாட்டுங்கள். மூன்று மாதம் கழித்துத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.