சூடு அல்ல, இழுப்பு

அன்புள்ள ஐயா,

கடலூரில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். பாலிமர் சங்கிலியில் கட்டிய சிறு மூலக்கூறை அல்ட்ராசவுண்டால் விடுவிப்பது பற்றிக் கருத்தரங்கில் பேசினேன். பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் வருவதுபோல என்று விளக்கினேன். ஒலியால் வரும் சூட்டில்தானே பிணைப்பு அறுகிறது என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றுவிட்டேன். சரிதானா? இழுத்தால் வேதிமாற்றம் அடையும்படி சங்கிலியில் வைக்கும் பகுதியான மெக்கனோஃபோருக்குத் தமிழ்ச்சொல் உண்டா? இதில் பிஎச்.டி. செய்யலாமா?

ஒரு வாசகர்

தம்பி,

மெக்கனோஃபோர் என்றே எழுதுங்கள், குடி ஒன்றும் முழுகிவிடாது. பஞ்சு உதாரணம் தப்பு. பஞ்சிலிருக்கும் தண்ணீரை யாரும் கட்டிவைக்கவில்லை. ஆனால் அந்த ‘ஆமாம்’ இருக்கிறதே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. தெரியாது என்று சொல்ல என்ன வெட்கம்?

இருபது வயதில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் பட்டறையில் வேலை பார்த்தேன். ஷீட் ரப்பரை இரட்டை ரோலர் மில்லில் விட்டால் முதலில் முரண்டு பிடிக்கும். அரைக்க அரைக்கப் பிசைந்த மாவாகும். சூட்டில்தான் இளகுகிறது என்று நினைத்து, ஒருநாள் ரோலருக்குள் ஓடும் தண்ணீரை மூடிவிட்டேன். மேஸ்திரி பின்மண்டையில் ஒன்று போட்டார். “சூடு ஏறினா வழுக்கும்டா, அறாது.”

அவர் சொன்னதுதான் வேதியியல். குளிர்ந்த ரப்பர் விறைப்பாக இருப்பதால் ரோலரின் இழுப்பு சங்கிலிகள்மேல் விழுந்து அறுக்கிறது. சூடானால் ஒன்றின்மேல் ஒன்று நழுவிவிடும். (மிகச் சூடானால் ஆக்சிஜன் வந்து அறுக்கும், அது வேறு கதை.) பாலிமரை அரைத்தால் சங்கிலி அறும் என்று ஜெர்மன் வேதியியலர் ஸ்டாடிங்கர் 1930களிலேயே சொல்லிவிட்டார்.

அல்ட்ராசவுண்டிலும் இதே கதைதான். ஒலியால் திரவத்தில் உண்டாகும் குமிழி உடையும்போது, சங்கிலியில் குமிழிக்கு அருகிலுள்ள பகுதி வேகமாகவும் தூரத்துப் பகுதி மெதுவாகவும் இழுபடும். இழுவிசை நடுவில்தான் உச்சம். அதனால்தான் மெக்கனோஃபோரை நடுவில் வைக்கிறார்கள். அதையே சங்கிலியின் நுனியில் வைத்து, அதே கரைசலில், அதே ஒலியைக் கொடுத்துப் பாருங்கள், அசையாது. சூடுதான் காரணம் என்றால் நுனிக்கும் நடுவுக்கும் என்ன பேதம்? சூடு ஆள் பார்த்தா வரும்? சங்கிலியை மிகவும் குட்டையாக்கினாலும் அசையாது. கேட்டவரிடம் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும்.

விசையும் பாதி வேலைதான் செய்கிறது. 2019இல் அமெரிக்காவின் கால்டெக்கில் மேக்ஸ்வெல் ராப் குழு செய்ததில், ஃபியூரான், மாலிமைடு என்ற இரண்டு வளையங்கள் சேர்ந்த பூட்டை இழுப்பு திறப்பதோடு சரி. அப்போது வெளிப்படும் ஃபர்ஃபூரில் கார்பனேட் என்ற பகுதி நிலைகொள்ளாமல் தானே சிதைந்து, கார்பன் டை ஆக்சைடை உதறி, கட்டியிருந்த மூலக்கூறை விடுகிறது.

பிஎச்.டி. பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த மனிதரைத் தேடிப்போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.