சோளக்கொல்லைப் பொம்மையும் ஒரு இளவரசனும்: கேள்வி பதில்

கேள்வி: ஆஸ் நாட்டுச் சோளக்கொல்லைப் பொம்மை, உண்மையில் ஃபியேரோ இளவரசன்தானே?

பதில்: 2003இல் மேடையேறிய 'விக்கிட்' இசை நாடகத்திலும், அதையொட்டி 2024, 2025இல் வந்த படங்களிலும் ஆம். எல். ஃபிராங்க் பாம் 1900இல் ஆஸ் என்ற கற்பனை நாட்டைப் பற்றி எழுதிய மூல நூலில் இல்லவே இல்லை. அங்கே கதைச் சிறுமி டாரதி அவனைச் சந்திக்கும்போது, அவனைச் செய்ததே முந்தாநாள்தான். குடியானவர் முதலில் காதுகளை வரைகிறார். ஆகவே அவன் காதில் விழும் முதல் பேச்சே அந்தக் காது கோணல் என்பதுதான்! பிறகுதான் கண், மூக்கு, வாய். கம்பத்தில் தனியாக நிற்கும்போது ஒரு கிழட்டுக் காகம் தோளில் உட்கார்ந்து, உலகில் மூளை ஒன்றுதான் பெரிது என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஏக்கம் அங்கே தொற்றுகிறது. கடந்த காலமே இல்லாதவன் அவன். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கேள்வி: ஆஸ் மந்திரவாதி அவனுக்கு மூளைக்குப் பதிலாகப் பட்டச் சான்றிதழ் கொடுத்தார் அல்லவா?

பதில்: அது 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படம். நூலில் தலைக்குள் தவிட்டோடு ஊசியும் குண்டூசியும் கலந்து அடைக்கிறார். நாம் களிமண் என்று திட்டுவோம், அங்கே தவிடு. படத்தையும் நூலையும் தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கேள்வி: பேட்மேன் கதையில் வரும் ஸ்கேர்குரோவும் இவன்தானா?

பதில்: ஊரும் வேறு, ஆளும் வேறு. காமிக்ஸ் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பொம்மை, ஃபியேரோ இருவரும் ஒருவரா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அந்த இசை நாடகத்துக்கு அடிப்படையான கிரிகோரி மக்வயரின் 1995 நாவலில்கூட சூனியக்காரி எல்ஃபபா அப்படி நம்பி ஏமாறுகிறாள், அவ்வளவுதான்.

கேள்வி: ஆட்சேபம். பொம்மையின் வழித்துணையான தகர மனிதனும் பாமின் நூலிலேயே முன்பு மனிதன்தானே?

பதில்: நல்ல கேள்வி! சூனியம் வைத்த கோடரி அவன் கைகால்களை ஒவ்வொன்றாக வெட்ட, தகர வேலைக்காரர் தகரம் பொருத்துகிறார். அவன் தேடுவது முன்பு இருந்து பறிபோன இதயம். பொம்மை தேடுவதோ ஒருபோதும் இல்லாத மூளை. மூளையா, இதயமா என்று இருவரும் வழியில் வாதாடுவது இதனால்தான். பொம்மையையும் பழைய மனிதனாக்கினால் அந்த வாதத்தில் பாதி செத்துவிடும்.

கேள்வி: விடமாட்டேன். 1921 நூலில் அவனுக்கு முற்பிறவி உண்டே?

பதில்: சரியான அடி. பாம் 1919இல் இறந்த பிறகு, அவர் பெயரைத் தாங்கி வந்தாலும் ரூத் பிளம்லி தாம்சன் எழுதிய நூல் அது. பொம்மை தன் கம்பத்தின் வழியே கீழே இறங்கி வெள்ளித் தீவை அடைகிறான். நீதான் எங்கள் பழைய பேரரசர் என்கிறார்கள். ஆக, பழியை இசை நாடகத்தின் மீது மட்டும் போட்டது என் தவறு. ஆனால் அங்கேயும் அவன் அரியணையை விட்டுவிட்டு வைக்கோலாகவே ஆஸுக்குத் திரும்புகிறான்.

கேள்வி: டாரதியின் சிவப்புக் காலணி?

பதில்: சிவப்பு படத்தில். நூலில் வெள்ளிக் காலணி. மேலே எச்சரித்தேன்.

கேள்வி: பொம்மை எதற்குத்தான் பயப்படுவான்?

பதில்: எரியும் தீக்குச்சிக்கு மட்டும்.