வெள்ளம் வடிந்த வீடு: மின்சாரம், மோட்டார், கிணறு – கேள்வி பதில்

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று பிடித்த மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணிக் கரையில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நாட்களில் வந்த கேள்விகள் இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். வீட்டு மின்சாரம், மோட்டார், கிணறு, வண்டி பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். மற்றதில் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன், தெரியாததற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மீனாட்சிபுரம்: அண்ணாச்சி, வீட்டுக்குள்ள மூணு அடி தண்ணி நின்னுச்சு. இப்போ வடிஞ்சுட்டு. கரண்ட் வந்துட்டுன்னு தெருவுல சொல்லுதாங்க. மெயினைப் போடலாமா?

போடக் கூடாது. மெயின் சுவிட்ச் உயரத்தில் காய்ந்து இருந்தாலும் கூடாது. மூன்று அடி தண்ணீர் என்றால் கீழே இருக்கும் பிளக் பாயின்ட் எல்லாம் முங்கியிருக்கும். சுவருக்குள் போகிற குழாயில் தண்ணீர் இன்னும் நிற்கும். சுவிட்ச் பெட்டிக்குள் வண்டல் அப்பியிருக்கும். ஈர வண்டல் மின்சாரத்தைக் கடத்தும்.

முதலில் மெயினை அணைத்து, பியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலடியில் ஈரம் இருந்தால் அதையும் தொடாமல், கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். மெயினை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அது போதாது. மெயின் அணைந்ததும் இன்வெர்ட்டர் தானாகவே அதே கம்பிகளில் மின்சாரத்தை அனுப்பும். அதையும் அணைத்து, பேட்டரி முனையில் ஒன்றைக் கழற்றிவிட வேண்டும். மாடியில் சோலார் இருந்தால் அதற்கும் தனி சுவிட்ச் உண்டு.

பிறகு தண்ணீர் ஏறிய உயரம் வரை எல்லாப் பெட்டிகளையும் திறந்து, வண்டலை நல்ல தண்ணீரில் கழுவி, மூடாமல் காய விடுங்கள். முங்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. (கோளாறு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகள்), பிளக் பாயின்ட் எதையும் காயவைத்துத் திரும்ப மாட்டாதீர்கள். புதிதுதான் போட வேண்டும். உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங் துருப்பிடித்தால், விழ வேண்டிய நேரத்தில் அது விழாது. கடைசியாக எலக்ட்ரீஷியன் மெக்கர் (கம்பியிலிருந்து மின்சாரம் கசிகிறதா என்று அளக்கும் கருவி) கொண்டுவந்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காயவில்லை என்று பொருள். சரியாக இருந்தால் முதலில் லைட் சர்க்யூட், மறுநாள் பேன், அதன்பின் பிளக் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மெக்கர் இல்லாமல் டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு "பாத்துட்டேன், போடுங்க" என்பவரை நம்பாதீர்கள்.

கருப்பந்துறை: மோனோபிளாக் மோட்டார் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. வெயில்ல வச்சுட்டேன். ஓட்டிப் பாக்கலாமா?

வெயில் மேல்கூட்டைத்தான் காயவைக்கும். வைண்டிங்குக்குள், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளுக்குள் போன ஈரம் அப்படியே இருக்கும். இந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் ஒரு நொடியில் வைண்டிங் எரிந்துபோகும். சும்மா விட்டிருந்தால் கழுவிக் காயவைப்பதோடு முடியும் வேலை, முழு ரீவைண்டிங் செலவாக மாறிவிடும். வெள்ளத்தில் நனைந்த மோட்டார்களில் பல வெள்ளத்தால் போவதில்லை, ஓட்டிப் பார்ப்பதால்தான் போகிறது.

கழற்றி வைண்டிங் கடைக்குக் கொடுங்கள். பிரித்து, வண்டல் போக நல்ல தண்ணீரில் கழுவி, சூட்டடுப்பில் 80 முதல் 90 டிகிரியில் பல மணி நேரம் வைத்து, மெக்கர் பார்த்து, தேவையென்றால் வார்னிஷ் ஏற்றுவார்கள். பேரிங் இரண்டையும், கெப்பாசிட்டரையும் கேட்டு மாற்றுங்கள். பேரிங்குக்குள் போன மணல் கிரீஸோடு கலந்து ஒரு மாதத்தில் சத்தம் போடும். கடையில் கூட்டம் இருந்தால் காத்திருங்கள். அதுவரை குடத்தில் சுமப்பதுதான் வழி.

சிந்துபூந்துறை: எங்க மோட்டாரும் முங்கிட்டு. ஆனா அரை நாள்தான். ஓட்டலாமா?

அரை நாளும் இரண்டு நாளும் ஒன்றுதான். மேலே கருப்பந்துறைக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

ஏரல்: அண்ணாச்சி, உறைக்கிணத்துக்குள்ள ஆத்துத் தண்ணி வந்துட்டு. கக்கூஸ் தொட்டியும் பக்கத்துலதான். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட?

நல்ல கேள்வி. எல்லோரும் "ரெண்டு கை அள்ளிப் போடு" என்கிறார்கள். கணக்கு இருக்கிறது.

கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தாலும் பெருக்கி, 22-ஆல் பெருக்குங்கள். வருவது லிட்டர். நான்கு அடி உறையில் பத்து அடி தண்ணீர் என்றால் 4 × 4 × 10 × 22 = 3,520 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை ஆயிரம் லிட்டருக்கு 80 கிராம் பவுடர். உங்களுக்கு ஏறக்குறைய 280 கிராம். பன்னிரண்டு அடி அகலத்தில் பதினைந்து அடி தண்ணீர் நிற்கும் தோட்டக் கிணறு என்றால் மூன்றே முக்கால் கிலோ தாண்டும். இரண்டு கை எந்தக் கணக்கிலும் வராது.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியைக் கயிற்றில் விட்டு அடிவரை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். ஒரு இரவு முழுக்க யாரும் இறைக்கக் கூடாது. மறுநாள் வாடை போகும் வரை இறைத்து வெளியே விடுங்கள். செடிக்கோ மீன் இருக்கும் குளத்துக்கோ அந்தத் தண்ணீர் போகக் கூடாது. அதன்பின் அன்றாடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். வெள்ளம் கலந்த கிணறு என்பதால் சில வாரமாவது குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

நான்கு எச்சரிக்கை. கட்டி தட்டிப்போன, வாடை இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. மூடிய புதுப் பை வாங்குங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு பவுடர் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள். மண் ஊறிக் கிடக்கிறது. உள்ளே தண்ணீர் இல்லாவிட்டால் வெளியிலிருந்து தள்ளுகிற அழுத்தத்தில் உறை இடியும். தூர்வார உள்ளே ஆள் இறங்குவதும், டீசல் பம்பை உள்ளே இறக்குவதும் வேண்டவே வேண்டாம். விளக்கு அணையாமல் எரிகிறது என்பதற்காக உள்ளே விஷவாயு இல்லை என்று ஆகாது.

கல்லிடைக்குறிச்சி: எங்க ஆச்சி காலத்துல எத்தனை வெள்ளம் வந்துச்சு. குடத்துல தேத்தாங்கொட்டையை உரசி விட்டா தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும். இந்த மருந்தைக் கொட்டி ஏன் கிணத்தைக் கெடுக்கணும்?

தேத்தாங்கொட்டை பற்றி நீங்கள் சொல்வது உண்மை. கலங்கலில் மிதக்கும் நுண்ணிய மண்ணை ஒன்றாகத் திரட்டி அடியில் தங்க வைக்கும். படிகாரமும் அதையேதான் செய்யும். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. வயிற்றுப்போக்குக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரிலும் அது இருக்கும்.

கல்லிடைக்குறிச்சி: அப்போ உள்ளவங்க எல்லாம் செத்தா போனாங்க? பிளீச்சிங் போட்டா கேன்சர் வரும்னு படிச்சிருக்கேன்.

செத்தார்கள் அக்கா. காலரா வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பேதிக்கு மருந்தும் குளோரினும் வந்த பிறகுதான் அது குறைந்தது.

கேன்சர் பற்றிய கவலையை ஒதுக்க மாட்டேன். இலை, சருகு, சேறு அழுகிய தண்ணீரில் குளோரின் போட்டால் சில சேர்மங்கள் உண்டாகின்றன. ஆண்டுக்கணக்கில் அதிகமாகக் குடிப்பதைப் பற்றிய கவலை அது. கக்கூஸ் தொட்டி கலந்த கிணற்றுத் தண்ணீர் மூன்று நாளில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இன்றைக்கு இரண்டில் எதைப் பார்ப்பது?

ஆத்தூர்: அக்கா சொல்லுறதுலயும் நியாயம் இருக்கு. செம்புக் குடத்துல ராத்திரி வச்சா போதும்லா? வெயில்ல பாட்டில்ல வச்சாலும் போதும்னு சொல்லுதாங்க.

தெளிந்த நல்ல தண்ணீருக்குச் செம்பு உதவும். வெள்ளத் தண்ணீருக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. வெயில் முறை நல்ல முறை: நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பிப் படுக்கவைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம், மேகமாக இருந்தால் இரண்டு நாள். இந்த மார்கழி வானத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த முறையிலும் கலங்கல் இருந்தால் வெயில் உள்ளே போகாது.

கல்லிடைக்குறிச்சி: அப்போ தேத்தாங்கொட்டையால ஒரு பிரயோஜனமும் இல்லைங்கியா?

அப்படிச் சொல்லவே இல்லை. இன்றைய நிலையில் அதற்கு முக்கியமான வேலை இருக்கிறது. கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டால், மண்ணும் சருகும் அதைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. மண் துணுக்குக்குள் ஒளிந்த கிருமியையும் அது தொடாது. ஆகவே குடிக்கிற தண்ணீருக்கு முதலில் உங்கள் ஆச்சி செய்தபடியே குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி, கலக்கி, தெளிய விடுங்கள். தெளிந்ததை அடி கலங்காமல் மெல்லிய துணியில் வடித்துக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். விறகோ கேஸோ இல்லையென்றால் குளோரின் மாத்திரை. அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று இருக்கும். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். முதலில் தெளியவைத்தால் நீங்கள் பயப்படும் அந்தச் சேர்மங்களும் குறையும். கொட்டையும் வேண்டும், குளோரினும் வேண்டும். கொட்டைதான் முந்த வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி: சரி. கொட்டை உரசின தண்ணியையே கொதிக்க வைக்கேன். கிணத்துக்கு நீங்க சொன்ன கணக்குல போடச் சொல்லுதேன்.

நன்றி அக்கா. பக்கத்து வீடுகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

குரும்பூர்: தெருவுல பவுடரைக் கோடு கோடா போட்டுட்டுப் போறாங்களே, அது போதுமா?

அது தெருவுக்கு. உங்கள் குடிநீருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வண்ணார்பேட்டை: பைக் முழுசா முங்கிட்டு. கிக்கர் அடிச்சா சிக்குது.

நல்ல வேளை, சிக்கியது. அழுத்தி அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரியைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மெதுவாக நாலைந்து கிக் கொடுத்தால் தண்ணீர் பீச்சி வெளியே வரும். என்ஜின் ஆயிலை இறக்குங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெட்ரோல் டேங்கையும் முழுக்க இறக்குங்கள், தண்ணீர் அடியில்தான் தங்கும். ஏர் பில்டர் புதிது. புது ஆயில் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டி, அதையும் இறக்கி, மறுபடி புது ஆயில். இரண்டு வீல் டிரம்மையும் திறந்து வண்டலைக் கழுவாமல் ரோட்டில் எடுக்காதீர்கள், பிரேக் பிடிக்காது.

எப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் பியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி என்றால் சாவியே போடாமல் தள்ளிக்கொண்டு போங்கள். கார் என்றாலும் அதுதான். முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் உடைந்தால் கொடுக்க மறுக்கக்கூடும். நனைந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சார்ஜ் போடாமல், வீட்டிலிருந்து விலகி வெட்டவெளியில் நிறுத்துங்கள்.

மேலப்பாளையம்: கம்ப்ரசர் மோட்டார் நனைஞ்சிட்டு, போட்டுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குக் கொண்டு போகவா?

போட்டுப் பார்க்காமல் கொண்டு போங்கள்.

பாளையங்கோட்டை: அணையைத் தொறந்து விட்டதாலதான் இவ்வளவும்னு சொல்லுதாங்களே?

என் துறை இல்லை. காயல்பட்டினத்தில் கொட்டிய 95 சென்டிமீட்டர் எந்த அணையிலிருந்தும் வரவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

ஸ்ரீவைகுண்டம்: பிசானப் பருவ நெல்லு மூழ்கிட்டு, என்ன உரம் போட?

வேளாண் விரிவாக்க அலுவலரைப் பாருங்கள். இழப்பீட்டுக்கு வயல் கணக்கு எடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலருடன் நீங்களும் நில்லுங்கள்.

கைலாசபுரம்: வீட்டுப் பத்திரம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு. பிரிக்கவா?

ஈரத்தோடு பிரித்தால் கிழியும். சேறு இருந்தால் தட்டில் நல்ல தண்ணீர் வைத்து அப்படியே முக்கி எடுங்கள். பழைய துணிமேல் வைத்து நிழலில், பேன் காற்றில் காயட்டும். பாதி காய்ந்ததும் ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்து நடுவில் அச்சில்லாத வெள்ளைத்தாள் வையுங்கள். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். எழுத்து போய்விட்டாலும் கலங்காதீர்கள். பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும்.

மருதூர்: அரிசிப் பானைக்குள்ள தண்ணி போயிட்டு. கழுவிக் காயவச்சுத் திங்கலாமா?

வேண்டாம். வெள்ளம் பட்ட அரிசி, பருப்பு, மாவு எதுவும் வேண்டாம். மூடி திறக்காத தகர டின்னைக் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

திருச்செந்தூர்: சேத்துல நடந்த பையனுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலிக்குதுங்கான். பாராசிட்டமால் போதுமா?

இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், வெள்ளத் தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேறு அள்ளுபவர்கள் எல்லாரும் பூட்ஸும் கையுறையும் போடுங்கள்.

டவுண்: தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), அடுக்களை எல்லாம் ஒரு சாண் சேறு. எங்கேருந்து ஆரம்பிக்க?

இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டிக்கு வரும் வண்டல், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகும். முதலில் கேஸ் சிலிண்டர்: வாடை அடித்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள். வாடை இல்லாவிட்டாலும் முங்கிய ரெகுலேட்டரையும் டியூபையும் மாற்றாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். பீரோ அடியிலும் விறகுக் குவியலிலும் கம்பால் தட்டிவிட்டுக் கை வையுங்கள், பாம்பு ஏறியிருக்கும். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கைகாலை அசைக்காமல் 108-ல் மருத்துவமனைக்கு. புறவாசல் வழியாக நீர் வெளியேறினால், அடுக்களையில் வேலையை முடிக்கும்படி தார்சாவிலிருந்து உள்ளே தள்ளி வாருங்கள். சுவரை மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பெயிண்ட் அடிக்க இப்போது அவசரப்பட வேண்டாம், சுவரில் ஏறிய ஈரம் இறங்கச் சில மாதம் ஆகும். அதற்குள் அடித்தால் பொக்குப் பொக்காக உதிரும்.

டவுண்: அப்போ மோட்டாரு?

வைண்டிங் கடை.