'இல் ஹேப்': மகிழ்ச்சி அங்கே இல்லை

நீங்கள் மொழிபெயர்க்கும் பழைய ஆங்கிலக் கதையில் 'பை இல் ஹேப்' (by ill hap) என்று வருவதை 'கெட்ட மகிழ்ச்சியால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 'கெட்ட வாய்ப்பாக' என்று மாற்றிவிடுங்கள். இந்த 'ஹேப்' என்றால் தற்செயலாக நேர்வது, அதிர்ஷ்டம். 'மகிழ்ச்சி' அங்கே ஒட்டாததற்கு அதுதான் காரணம்.

'ஹேப்பி' உங்களை இழுத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் ஹேப்தான் மூத்தது. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் 'ஹாப்' என்றால் நல்ல அதிர்ஷ்டம். அதிலிருந்து வந்த சொல் இது. 14ஆம் நூற்றாண்டில் 'ஹேப்பி' என்றாலே அதிர்ஷ்டசாலி என்றுதான் பொருள், சந்தோஷம் பிறகு ஏறியது. ஹேப்பன் (நேர்வது), பெர்ஹேப்ஸ் (ஒருவேளை), மிஸ்ஹேப் (அசம்பாவிதம்) எல்லாம் இதே குடும்பம். 'ஹேப்லெஸ்' என்றால் நம் ஊர்ப் பேச்சில் அதிர்ஷ்டக்கட்டை!

மற்ற இடங்களில் சந்தேகம் வந்தால் ஹேப்புக்கு முன்னால் 'குட்' (good), 'இல்' (ill) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்வாய்ப்பு, கெட்ட வாய்ப்பு. தனியாக நின்றால் 'தற்செயல்' என்று வைத்து வாசியுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

குறளின் ஆகூழ் (நல்ல விதி), போகூழ் (கெட்ட விதி) எனக்கு மிகவும் பிடித்த சொற்கள், இங்கே வைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ஊழில் வினைப்பயன் இருக்கிறது, ஹேப்பில் அது கிடையாது.

அப்புறம் ஒன்று: ஸ்காட்லாந்துப் பக்கத்து எழுத்தில் 'ஹேப்' என்றால் போர்த்துவது, போர்வை என்றும் வரும். அங்குள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் ஒரு கம்பளிச் சால்வைக்கே அந்தப் பெயர். குளிர், படுக்கை பற்றிய வரியானால் கவனம்.