தூத்துக்குடில ஒரு நாள்: எப்ப போகணும், எத பாக்கணும்

திருச்செந்தூர் போற வழியில அப்பா அம்மாவோட ஒரு நாள் தூத்துக்குடில தங்கலாமா, அங்க பாக்க ஒண்ணும் இல்லனு எல்லாரும் சொல்றாங்களேனு ஒரு வாசகர் கேட்டிருக்காங்க. தாராளமா தங்குங்க, ஆனா சனிக்கிழமையா பாத்து போங்க.

ஏன்னா இங்க மீனவங்க பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை கடலுக்கு போறதில்ல, அதனால தங்குகடலுக்கு போன நாட்டுப்படகெல்லாம் சனிக்கிழமை திரேஸ்புரத்துல கரைக்கு வந்துரும், சீலா, விளைமீன், ஊளி, பாறைனு கொட்டி வச்சு ஏலம் விடுவாங்க, அந்த வேகத்துல யார் கேட்டாங்க யாருக்கு போச்சுன்னே நமக்கு புரியாது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடைக்காலம். நாட்டுப்படகு அப்பவும் போகும், ஆனா மீன் வெல கூடத்தான் இருக்கும்.

அந்த ஞாயிறு லீவுக்கு பின்னாடிதான் ஊரோட கதையே இருக்கு. முத்துக்குளிச்ச பரதவ மக்கள் 1530கள்ல போர்ச்சுகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டு போய் கிறிஸ்தவத்துக்கு மாறுனாங்க, 1542ல சவேரியார் வந்தாரு, 1658ல டச்சுக்காரன் ஊர புடிச்சான், அப்புறம் வெள்ளக்காரன். எல்லாருக்கும் கண்ணு முத்து மேலதான். ஆனா கல்லக் கட்டின கயித்தப் புடிச்சிக்கிட்டு மூச்சடக்கி அடிக்கடலுக்கு எறங்குனது இந்த மக்கள், இத மறக்காம பனிமய மாதா கோயிலுக்குள்ள போங்க, அப்பதான் அது வெறும் பழைய கட்டடமா தெரியாது. ஆகஸ்ட் 5 திருவிழா, அன்னிக்கு ரூம் கெடைக்கிறது கஷ்டம். தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது, விசாரிச்சுட்டு போங்க.

வ.உ.சி. 1906ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சதும் இங்கதான். கொழும்புக்கு கப்பல் விட்ட மனுஷன செக்கிழுக்க வச்சாங்கனு அப்பாவுக்கு தெரிஞ்சிருக்கும், கடற்கரைல நின்னு அவர பேச விடுங்க, பிள்ளைங்க இருந்தா பக்கத்துல உக்கார வைங்க.

சாயங்காலம் ரோச் பார்க் போதும், வயசானவங்களுக்கு அலைச்சல் இல்ல. முயல் தீவு டைம் இருந்தா பாருங்க, இல்லனா விட்டுடலாம்.

உப்பளத்துக்குனு தனியா அலைய வேணாம், திருச்செந்தூர் ரோட்டுலயே வரும். காலைலயே கெளம்பிடுங்க, மதியம் அந்த வெள்ளைல கண்ணு கூசும். பாத்தில தண்ணி வத்தி மேல உப்பு படிஞ்சு நிக்கும், அத வாருபலகையால இழுத்து வரப்புல குமிப்பாங்க, வெறுங்கால்ல வேல செய்றவங்கள பாத்தா அனுமதி கேக்காம போட்டோ எடுக்காதீங்க. மழைக்காலத்துல போனா வெறும் தண்ணிதான் நிக்கும்.

மக்ரூன் வாங்காம வராதீங்க. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு அவ்ளோதான், ஆனா அம்மா முட்டை சாப்பிடலன்னா முன்னாடியே சொல்லிடுங்க. காத்து பட்டா நமுத்துரும், அதனால ஊருக்கு கெளம்பும்போது கடைசியா வாங்கி டப்பால இறுக்கி மூடி வைங்க.